மேடையில் வாழ்ந்த மொழியும் வீட்டில் தேய்ந்த மொழியும்

ஓரினத்தை அடக்கியாள விரும்புவோர் முதற்கண் அதன் நிலத்தைப் பறிப்பர். அடுத்து அதன் மொழியைப் பள்ளியினின்றும் மன்றத்தினின்றும் விரட்டுவர். ஈற்றில் அவ்வினத்தின் பிள்ளைகளே தம் தாய்மொழியைப் பேச நாணுமாறு செய்வர். முன்னிரண்டும் பிறர் செய்வன. மூன்றாவது, அவ்வினம் தனக்குத் தானே செய்துகொள்வது. படையைப் படைகொண்டு தடுக்கலாம். சட்டத்தைச் சட்டங்கொண்டு மாற்றலாம். நெஞ்சிற் குடிபுகுந்த நாணத்தை எதனைக் கொண்டு அகற்றுவது?

இவ்வினாவிற்கு விடை தேடுவோர், இசுக்காட்லாந்தின் வடமேற்குத் தீவுகளிலிருந்து புறப்பட்ட ஓர் இசைக்குழுவின் நாற்பத்தைந்தாண்டு வாழ்க்கையை ஊன்றி நோக்குதல் வேண்டும். அக்குழுவின் பெயர் இரன்ரிக்கு. 1973ஆம் ஆண்டில் தோன்றி, 2018ஆம் ஆண்டில் தன் வாழ்வைத் தானே நிறைவு செய்துகொண்ட அக்குழு, தன் நாட்டுப்புறப் பாட்டையும் இக்கால மின்கித்தாரையும் முழவையும் ஒன்றாய் இணைத்து, சிறுபான்மையாகிவிட்ட கேலிக்கு மொழியைப் பல்லாயிரவர் திரண்ட திறந்தவெளி அரங்குகளில் ஒலிக்கச் செய்தது. அதன் வெற்றி பெரிது. அவ்வெற்றிக்கு இருந்த எல்லையும் பெரிது. இரண்டும் அறியத்தக்கன.

கேலிக்கு நேற்றுப் பிறந்த மொழியன்று. இசுக்காட்லாந்து என்னும் அரசு உருப்பெற்ற காலத்தில் அரசவையிலேயே வழங்கிய மொழி அது. பின்னர் ஆட்சியும் வணிகமும் தாழ்நிலத்து ஆங்கிலக் கிளைமொழியின்பால் சாயவே, கேலிக்கு மேட்டுநிலங்களுக்கும் தீவுகளுக்கும் ஒதுங்கிற்று. 1609ஆம் ஆண்டில், தீவுகளின் குடித்தலைவர்கள் தம் மூத்த பிள்ளைகளைத் தாழ்நிலத்திற்கு அனுப்பி ஆங்கிலம் கற்பிக்க வேண்டுமென்று அயோனாத் தீவில் உடன்பாடு செய்விக்கப்பட்டது. 1616ஆம் ஆண்டில் அரசரின் அறிவுரைக் குழு, மேட்டுநில மக்களின் முரட்டுத்தன்மைக்கு அவர்தம் மொழியே ஒரு தலையாய கரணியம் என்று பழித்து, ஊர்தோறும் ஆங்கிலப் பள்ளி வைக்க ஆணையிட்டது. தலைவனின் பிள்ளை முதலில் மாறினான். குடிமகனின் பிள்ளை அவனைப் பார்த்து மாறினான். எந்நாட்டிலும் மொழிக்கேடு இவ்வாறு மேலிருந்து கீழே இறங்கியே வந்துள்ளது.

1746ஆம் ஆண்டுக் கலோடன் போரில் மேட்டுநிலப் படை தோற்றதும், அம்மக்களின் உடையைக்கூட அரசு தடை செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும், ஆட்டுப்பண்ணைகள் மிகுந்த வருவாய் தருமென்று கண்ட நிலக்கிழார்கள், தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழ்ந்த குடிகளை வெளியேற்றினர். வீடிழந்தோர் கடற்கரைப் பாறைநிலங்களில் ஒண்டினர். கப்பலேறிக் கனடாவின் கேப் பிரெட்டன் தீவு முதலிய இடங்களுக்குச் சென்றனர். 1882ஆம் ஆண்டில் இசுகைத் தீவின் பிரேய்சு என்னும் ஊர்ப்புறத்து மக்கள், மேய்ச்சல் நில உரிமைக்காகக் காவலரைக் கற்களால் எதிர்த்துப் போராடிய பின்னரே, 1886ஆம் ஆண்டில் சிறுகுடி உழவர்க்கு நிலவுறுதி அளிக்கும் சட்டம் வந்தது.

நிலத்திற்கு ஒரு சட்டம் வந்தது. மொழிக்கு வந்த சட்டமோ வேறு. 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கேலிக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமையே அதன் கொடுமை. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் ஒறுக்கப்பட்டனர். 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,54,000 பேர் கேலிக்குப் பேசினர். 1981ஆம் ஆண்டில் அத்தொகை 80,000 அளவிற்குச் சுருங்கிவிட்டது. இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில் எத்தனையோ தாய்மார், தாம் தாலாட்டுக் கேட்ட மொழியில் தம் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடவில்லை. பிள்ளை முன்னேற வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன கரணியம். அன்பினால் செய்யப்படும் கேடு பகையினால் செய்யப்படுவதினும் ஆழமாய்ப் பாய்கிறது.

பாட்டு முற்றும் மறையவில்லை என்பதும் உண்மை. நனைந்த கம்பளித் துணியைப் பலகைமேல் அடித்துத் திண்ணிதாக்கும் மகளிர் பாடிய தொழிற்பாட்டுகள் கிழவியர் நினைவில் இருந்தன. 1951ஆம் ஆண்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற இசுக்காட்லாந்து ஆய்வுப் பள்ளி அவற்றை ஒலிநாடாவில் பதிந்து காத்தது. 1892ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் 'மோடு' என்னும் இசைப்போட்டி விழாவில், கேலிக்குப் பாடல்கள் ஒழுங்குடன் பாடப்பட்டுப் பரிசும் பெற்றன. இவை போற்றத்தக்க பணிகளே. ஆயினும், விழாவில் பாடிவிட்டு வெளியே வந்த இளைஞன் தன் நண்பனோடு ஆங்கிலத்தில் உரையாடினான். மாலையில் ஆங்கிலப் பாட்டிற்கே ஆடினான். கேலிக்கு அவனுக்குப் பாட்டியின் மொழி. காதலுக்கும் களிப்புக்கும் சினத்திற்கும் அது உதவாது என்று அவன் எண்ணினான். இவ்வெண்ணத்தைத்தான் இரன்ரிக்கு உடைத்தது.

வட ஊயிசுட்டுத் தீவிலும் இசுகையிலும் வளர்ந்த இரோரி மெக்டொனால்டு, கேலம் மெக்டொனால்டு என்னும் உடன்பிறந்தார் இருவரும், கைத்துருத்தி இசைக்கருவி வாசிக்கும் பிளேர் தக்ளசும் 1973ஆம் ஆண்டில் சேர்ந்தனர். பிழைப்பு நாடிக் கிளாசுகோ நகரில் குடியேறிய தீவு மக்கள் கெல்வின் பேரரங்கில் நடத்திய ஆட்டவிழாவே அவர்களின் முதல் மேடை. அந்நாளில் அது ஓர் ஊர் ஆட்டக்குழுவே. திருமணங்களிலும் ஊர்ப்பொது அரங்குகளிலும் ஆடுவோர்க்கு இசை வழங்கிற்று. விரைவில் தோனி மன்றோ பாடகராய்ச் சேர்ந்தார். 1978ஆம் ஆண்டில் சேர்ந்த மால்கம் சோன்சு, தம் கித்தாரில் மேட்டுநிலப் பைக்குழலின் இழைவைக் கொணர்ந்தார். பாட்டெழுதும் பணி பெரும்பாலும் மெக்டொனால்டு உடன்பிறந்தார் கையிலேயே இறுதிவரை இருந்தது.

குழு சூடிக்கொண்ட பெயரும் எண்ணத்தக்கது. 'இரன்ரிக்கு' என்பது மேட்டுநிலத்தின் பழைய நிலப்பகிர்வு முறையின் பெயர். ஊர் நிலத்தை நீண்ட வரப்புப் பட்டைகளாய்ப் பிரித்து, குறித்த காலத்திற்கொரு முறை திருவுளச் சீட்டால் குடிகளுக்குள் மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்வர். நல்ல நிலம் ஒருவனிடமே தங்காது. தீய நிலம் ஒருவன் தலையிலேயே வீழாது. தமிழ்நாட்டுப் பழைய ஊர்களில் கரையீடு என வழங்கிய முறையும் இதனை ஒத்ததே. நிலவெளியேற்றக் காலத்தில் அழிந்தொழிந்த அம்முறையின் பெயரை ஓர் இளைஞர் குழு சூடியது, மறந்துபோன ஒன்றை நாள்தோறும் ஊரார் வாயால் சொல்லுவித்த செயலாகும்.

1978ஆம் ஆண்டில் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயரே 'கேலிக்கு இசை' என்னும் பொருளுடையது. அதன் பாடல்கள் யாவும் கேலிக்கே. அவற்றுட் பெரும்பாலானவை பழம்பாட்டின் படிகள் அல்ல. அன்று வாழ்ந்த இளைஞர் அன்றைய வாழ்வைப் பற்றித் தாமே எழுதிய புதுப்பாடல்கள். ஒரு மொழிக்குப் பழம்பாட்டு இருப்பது அது வாழ்ந்தது என்பதற்குச் சான்று. புதுப்பாட்டுப் பிறப்பதே அது வாழ்கிறது என்பதற்குச் சான்று.

முதல் தட்டைப் பிறரொருவரின் நிறுவனம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 1979இல், குழுவினர் 'இரிட்சு' என்னும் தம் இசைத்தட்டு நிறுவனத்தைத் தாமே தொடங்கி, இரண்டாம் தட்டை அதன்வழி வெளியிட்டனர். இசைத்தட்டு வணிகத்தில் ஒலிப்பதிவுக் கூடத்திற்குப் பணம் கொடுப்பவன், தட்டை அச்சிடுபவன், கடைக்கு அனுப்புபவன், வானொலியாரிடம் பரிந்து பேசுபவன் ஆகியோர் பெரும்பாலும் ஒருவனே. அவ்வொருவனே எம்மொழியிற் பாடினால் விலைபோகும் என்பதையும் முடிவு செய்வான். எண்பதினாயிரம் பேர் பேசும் மொழியில் தட்டு வெளியிட எந்தப் பெருவணிகனும் முன்வாரான். அவன்மேல் சினந்து பயனில்லை. அவன் கணக்கு அவனுக்கு. தம் பாட்டைத் தம் கையாலேயே அச்சிட்டு, தம் ஊர்களுக்குத் தாமே கொண்டுசென்று விற்கும் துணிவு அக்குழுவினர்க்கு இருந்தமையால், அவர்கள் எவரையும் இசைவு கேட்க வேண்டியிருந்திலது. மொழியுரிமை பேசுவோர் பலர். அவ்வுரிமைக்கு வேண்டிய பொருளியல் அடிப்படையைத் தாமே அமைத்துக்கொண்டோர் சிலர். இரன்ரிக்கு அச்சிலருள் ஒன்று.

அத்தட்டில் இருபதாண்டு என்னும் பொருள்தரும் தலைப்பில் ஒரு கேலிக்குப் பாடல் உண்டு. தன் மக்களின் வரலாற்றைப் பள்ளி தனக்கு மறைத்துவிட்டது என்றும், உண்மையைத் தானே தேடிக் கண்டுகொள்ள இருபதாண்டு ஆயிற்று என்றும் ஓர் இளைஞன் அதில் வருந்துகிறான். 1981ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் தட்டின் பெயர் 'மீட்சி'. நிலமிழந்த மக்களின் வரலாறே அதன் உள்ளீடு. பாடநூல் சொல்லாததைப் பாட்டுச் சொன்னது. வரலாற்றுப் பேராசிரியர் எழுதிய நூலை நூறு பேர் படிப்பர். கித்தாரின் ஒலியோடு வந்த அதே வரலாற்றை ஊர் அரங்கில் கூடிய உழவரும் மீனவரும் அவர்தம் பிள்ளைகளும் கேட்டனர்.

இக்குழு தனித்துத் தோன்றிய விண்மீனன்று. 1972ஆம் ஆண்டில் இசுகைத் தீவில் தொடங்கப்பெற்ற ஒரு கிழமை இதழ், நிலம், மொழி, மக்கள் என்னும் மூன்றையும் தன் முகப்பிலேயே கேலிக்கில் பொறித்துக்கொண்டது. 1973ஆம் ஆண்டில், அதே தீவில், 'சபல் மோர் ஒசுத்தேக்கு' என்னும் கேலிக்குக் கல்லூரி ஒரு பழைய பண்ணைக் கொட்டகையில் தோன்றிற்று. அதே ஆண்டில், 'ஏழு-எண்பத்துநான்கு' என்னும் நாடகக் குழு, நில வெளியேற்றத்தையும் அந்நாளைய எண்ணெய் வேட்டையையும் இணைத்துக் காட்டிய நாடகமொன்றை மேட்டுநில ஊர்தோறும் நடித்தது. 1975ஆம் ஆண்டில் மேற்குத் தீவுகளுக்கெனத் தனி ஆட்சிமன்றம் அமைந்து இருமொழிக் கொள்கையை மேற்கொண்டது. இதழ், கல்லூரி, நாடகம், ஆட்சிமன்றம், பாட்டு எனும் ஐந்தும் மூன்றாண்டுக்குள் எழுந்தன. ஒன்றையொன்று தாங்கின. தனி ஒருவரின் ஆர்வத்தால் ஒரு மொழி மீள்வதில்லை.

ஈண்டுதான் சிக்கல் தொடங்குகிறது. 1987ஆம் ஆண்டில் வெளிவந்த தட்டில் ஆங்கிலப் பாடல்களே மிகுதி. கேலிக்குப் பாடல்கள் சிலவே. அதன் வெற்றியைக் கண்ட கிரிசாலிசு என்னும் பெரிய நிறுவனம் குழுவை ஒப்பந்தஞ் செய்துகொண்டது. 1989, 1991, 1993ஆம் ஆண்டுகளில் அந்நிறுவனத்தின்வழி அடுத்தடுத்துத் தட்டுகள் வந்தன. 1991ஆம் ஆண்டுத் தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தையும், 1993ஆம் ஆண்டுத் தட்டு இரண்டாம் இடத்தையும் பெற்றன. 1991ஆம் ஆண்டுக் கோடையில் உலோமந்து ஏரிக்கரையிலுள்ள பாலாக்கு என்னும் இடத்தில் நடைபெற்ற நிகழ்ச்சிக்கு 40,000க்கு மேற்பட்டோர் திரண்டனர். செருமனியிலும் தென்மார்க்கிலும் குழுவிற்குப் பெருந்திரளான சுவைஞர் தோன்றினர். ஆயின் ஒவ்வொரு தட்டிலும் கேலிக்குக்கு ஓரிரு பாடல்களே இடம். முதல் தட்டில் உரிமையாளராய் அமர்ந்திருந்த மொழி, பத்தாண்டு கழித்துத் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆயிற்று.

இதனை வஞ்சகம் என்று பழித்தோர் உண்டு. அப்பழியை எளிதில் தள்ளிவிட முடியாது. கேலிக்கைக் கைக்கொண்டு பெயர்பெற்று, பெயர்பெற்றபின் ஆங்கிலத்தில் பொருளீட்டுவது அறமா என்னும் வினா நேர்மையானதே. மறுபுறத்தார் கூற்றையும் கேட்டல் வேண்டும். ஆங்கிலப் பாட்டைக் கேட்க வந்த இலண்டன் இளைஞனும் செருமானிய இளைஞனும், அதே மேடையில் அதே பறையொலியோடு கேலிக்குப் பாட்டையும் கேட்டனர். தன் மொழி பெருவெளியில் பிறரால் கைதட்டி வரவேற்கப்படுவதைக் கண்ட தீவுச் சிறுவன், அம்மொழி மாட்டுத் தொழுவத்திற்கு மட்டும் உரியதன்று என்று முதன்முறையாக உணர்ந்தான். தனிக் கேலிக்குக் குழுவாகவே இருந்திருந்தால் அம்மேடை அமைந்திராது என்பது அவர்தம் வாதம்.

இரண்டு கூற்றிலும் உண்மையுண்டு. ஆயின் இரண்டும் ஒரே எடையுடையன அல்ல. அயலான் கைதட்டினால்தான் தன் மொழிக்கு மதிப்பு என்று கருதும் உளநிலை, பழைய நாணத்தின் மறுவடிவமேயாகும். அன்று அயலான் இகழ்ந்தான் என்று மொழியைக் கைவிட்டனர். இன்று அயலான் புகழ்ந்தான் என்று மொழியைத் தூக்கிப்பிடித்தால், அளவுகோல் இன்னும் அயலான் கையிலேயே இருக்கிறது. நாணம் நீங்குவதற்கு அது முதற்படியாகலாம், அதுவே முடிவாகாது.

1995ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. 1987ஆம் ஆண்டுத் தட்டிலிருந்த, உயரத்து ஆப்பிள் என்னும் பொருள்படும் கேலிக்குப் பாடலொன்று பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் பதினெட்டாம் இடத்தைப் பிடித்தது. கேலிக்குப் பாடலொன்று அப்பட்டியலின் முதல் இருபதுக்குள் புகுந்தது அதுவே முதன்முறை. 1992ஆம் ஆண்டில் கேப்பர்கெய்லி என்னும் மற்றொரு குழுவின் கேலிக்குப் பாடல் முதல் நாற்பதுக்குள் இடம்பெற்றிருந்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயின் எட்டாண்டாய் யாரும் பட்டியலில் ஏற்றாத பாடல் திடுமென ஏறியது எவ்வாறு? அயல்நாட்டு வாற்கோதுமைக் கள் வணிகன் ஒருவன் தன் தொலைக்காட்சி விளம்பரத்திற்கு அப்பாட்டைப் பயன்படுத்தினான். பொருள் விளங்காத இனிய ஒலியாக அது கள்ளின் விற்பனைக்கு உதவிற்று. சொல்லின் பொருளை எவரும் கேளாமலே ஒரு மொழி புகழ்பெறுவது, ஊமைக்கு முடிசூட்டுவதை ஒக்கும். குழுவினர்மேல் குற்றமில்லை; பாட்டு நல்ல பாட்டே. ஒரு மொழி தன் வலிமையால் ஏறிற்றா, பிறர் தோளில் ஏறிற்றா என்பதை மட்டும் கண்மயங்காமல் பிரித்தறிதல் வேண்டும்.

குழுவினர் தாமே இதனை உணர்ந்தனர் போலும். பெருநிறுவனத்தை விட்டு நீங்கி, 1999ஆம் ஆண்டில் மீண்டும் தம் இரிட்சு நிறுவனத்தின்வழியே தட்டு வெளியிட்டனர். இதற்கிடையில் 1997ஆம் ஆண்டில் தோனி மன்றோ குழுவினின்றும் விலகித் தொழிற்கட்சியின் சார்பில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். பின்னாளில் இசுகையின் கேலிக்குக் கல்லூரியிலேயே பணியாற்றினார். 1986 முதல் குழுவில் விசைப்பலகை இசைத்த பீற்றர் விசார்ட்டு, 2001ஆம் ஆண்டில் இசுக்காட்லாந்து நாட்டினக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே மேடையில் நின்றோர் வெவ்வேறு கட்சிக்குச் சென்றனர். மொழியும் நிலமும் பற்றிய பாட்டு இருவரையும் வாளாவிருக்க விடவில்லை.

மன்றோவின் இடத்தில் 1998ஆம் ஆண்டில் வந்தவர் புரூசு கத்ரோ. அவர் கனடாவின் கேப் பிரெட்டன் தீவினர். வீடு பறிக்கப்பட்ட மேட்டுநில மக்கள் கப்பலேறிச் சென்று குடியேறிய அதே தீவிலிருந்து ஒரு பாடகர் கடல்கடந்து வந்து, அவர்கள் விட்டுச்சென்ற நிலத்தின் பாட்டை அந்நிலத்திலேயே இருபதாண்டு பாடினார். 2023ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது இருகரை மக்களும் வருந்தினர்.

2016ஆம் ஆண்டில் தம் இறுதித் தட்டை வெளியிட்ட குழுவினர், 2018ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 17, 18ஆம் நாள்களில் இசுத்தேர்லிங்குக் கோட்டையின் அடிவாரத்தில் விடைபெற்றனர். இருநாளும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பேர் கூடினர். தளர்ந்து, பிளவுண்டு, கடன்பட்டுக் கலையும் குழுக்கள் பல. நிற்கும் வலிமை இருக்கும்போதே நிறுத்திக்கொண்ட குழு இது. தன்காலில் நின்றவர்க்கே தாம் நினைத்த இடத்தில் நிற்கவும் முடியும்.

இனி மொழியின் கணக்கைப் பார்த்தல் வேண்டும். இக்குழு வாழ்ந்த காலத்தில் கேலிக்குப் பெற்றவை பல. 1985ஆம் ஆண்டில் கிளாசுகோவிலும் இன்வர்னெசிலும் இரண்டே பள்ளிகளில் 24 பிள்ளைகளோடு கேலிக்கு வழிக் கல்வி தொடங்கிற்று. இன்று அது ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கொண்டுள்ளது. 2005ஆம் ஆண்டில் கேலிக்கு மொழிச் சட்டம் வந்தது. 2008ஆம் ஆண்டில் கேலிக்குத் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2025ஆம் ஆண்டில் இசுக்காட்லாந்து நாடாளுமன்றம் கேலிக்குக்கு ஆட்சிமொழி நிலை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. பேசுவோர் தொகை 2001ஆம் ஆண்டில் 58,652. 2011ஆம் ஆண்டில் ஏறத்தாழ 57,000. 2022ஆம் ஆண்டிலோ 69,701. நூறாண்டிற்கு மேலாகப் பெரும்பாலும் சரிந்துவந்த தொகை உயர்ந்தது.

உயர்ந்த இடம் எது, தாழ்ந்த இடம் எது என்று பிரித்துப் பார்த்தால் உவகை அடங்கிவிடும். கிளாசுகோ, எடின்பரோ முதலிய நகரங்களில் கற்றோர் தொகை கூடிற்று. மொழியின் தாய்வீடான மேற்குத் தீவுகளிலோ, 2011ஆம் ஆண்டில் நூற்றுக்கு 52 விழுக்காடாக இருந்த பேசுவோர், 2022ஆம் ஆண்டில் 45 விழுக்காடாய்க் குறைந்து பாதிக்கும் கீழே போயினர். அடுப்படியிலும் வயலிலும் மீன்பிடி படகிலும் அம்மொழி வழங்குவது இந்நிலையே நீடித்தால் பத்தாண்டுக்குள் அற்றுப்போகும் என்று 2020ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு எச்சரித்தது. சட்டமும் பள்ளியும் தொலைக்காட்சியும் மேடையும் வந்து சேர்ந்தபின்னும், வீடு கைவிட்டது.

இது பாட்டின் தோல்வியா? அன்று. பாட்டிடம் வீட்டின் பணியை எதிர்பார்த்தோரின் தோல்வி. இரன்ரிக்கு தன்னால் ஆவதைச் செய்தது: நாணத்தை அகற்றிற்று, மறைத்த வரலாற்றைத் திறந்து காட்டிற்று, பழம்பொருளாய்க் கிடந்த மொழியில் புதுவாழ்வைப் பாடிற்று, கேலிக்கு வழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் துணிவைப் பல பெற்றோர்க்கு ஊட்டிற்று. அதற்கு மேல் ஓர் இசைக்குழு செய்யக்கூடியது யாது? இரவு நிகழ்ச்சியில் தாய்மொழிப் பாட்டிற்குக் கண்ணீர் மல்கக் கைதட்டிய தந்தை, காலையில் தன் பிள்ளையை எழுப்பும்போது எம்மொழியில் அழைத்தான் என்பதைப் பாடகன் தீர்மானிக்க முடியாது. அந்த ஒரு சொல்லைத் தந்தைதான் சொல்லுதல் வேண்டும்.

தமிழர்க்கும் இதில் அறியத்தக்கது உண்டு. தமிழ்நாட்டு இசையரங்கில் தமிழ்ப்பாட்டிற்கு இடமில்லாதிருந்த நிலையை எதிர்த்து 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைந்தது. தமிழ் மேடையேறிற்று. திரைப்பாட்டிலும் இக்கால இளைஞர் குழுக்களின் பாட்டிலும் தமிழ் முழங்கத்தான் செய்கிறது. தொகையில் கேலிக்கோடு தமிழை ஒப்பிடுவது பொருந்தாது. எட்டுக்கோடிப் பேரின் மொழிக்கு நாளையே அழிவு என்று அஞ்சுவாரும் இல்லை. ஆயின் மேடையில் மொழி முழங்குவதைக் கண்டு வீட்டில் அது வாழ்கிறது என்று ஏமாறும் பிழை, பெருமொழி பேசுவார்க்கும் நேரும். கேலிக்கும் ஒருகாலத்தில் அரசவை மொழியே.

ஆகலின் அத்தீவினரின் வாழ்க்கையினின்றும் மூன்றைக் கைக்கொள்ளலாம். பாட்டின் மொழியைப் பணம் போடுவோன் முடிவு செய்யாதவாறு, பாடுவோர் தமக்கெனச் சிறியதேனும் ஒரு கூடமும் வெளியீடும் அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். பழம்பாட்டைக் காப்பதோடு அமையாது, இன்றைய வாழ்வை இன்றைய இசையில் தாய்மொழியிலேயே பாடுதல் வேண்டும். மூன்றாவது, கேட்போரின் பணி. பாட்டு முடிந்து, விளக்கணைந்து, கூட்டம் கலைந்து வீடு திரும்பும் வழியில், தோளில் உறங்கும் பிள்ளை விழித்து ஏதேனும் கேட்குமானால், அதற்கு எம்மொழியில் விடை சொல்லப்படுகிறதோ அம்மொழியே அடுத்த தலைமுறையின் மொழி. இசுத்தேர்லிங்குக் கோட்டையடியில் இறுதிப் பாட்டைக் கேட்டுத் திரும்பிய ஒவ்வொரு தந்தைக்கும் தாய்க்கும் இருந்த பொறுப்பு அதுவே. தமிழ்நாட்டில் ஒவ்வோர் இரவும் பாட்டுக் கேட்டு வீடு திரும்புவார்க்கும் இருப்பது அதுவே.